நீல நோட்டும் சிவப்பு நோட்டும்

வட்டகொடையில் ரயில் ஏறியபோது எதிரே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தடித்த கண்ணாடி. மடியில் நீல நோட்டு ஒன்று, சிவப்பு நோட்டு ஒன்று. கொட்டகலையில் இறங்க வேண்டுமாம். எதைக் கேட்டாலும் இரண்டையும் தடவிவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

"நீலத்துல இங்கிலாந்துச் சட்டம், சிவப்புல பிரான்சுச் சட்டம். லண்டன்ல ரெண்டு வருசம், பாரிஸ்ல ரெண்டு வருசம். ரெண்டு பட்டம்ங்க அண்ணே."

"நான் ரெண்டாம் வகுப்பையே ரெண்டு வருசம் படிச்சேன்மா. ஒரு பட்டமும் குடுக்கல."

சிரித்தாள். அந்தத் தைரியத்தில் என் கதையையும் சொன்னேன். கல்யாணத்துக்கு முன்பே மாமனார் என் மனைவியின் பெயரை இந்தியக் குடியுரிமை கேட்கும் பாரத்தில் எழுதிவிட்டார். நானோ இலங்கை கேட்டு எழுதினேன். அவளுக்குப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. அடுத்த மாதம் கப்பல். எனக்கு எந்த நாடும் பதில் போடவில்லை.

"ரெண்டு சட்டத்துல எதுலயாச்சும் எங்கள ஒண்ணா இருக்க விடுறாங்களாம்மா?"

நீல நோட்டைப் புரட்டினாள். பிறகு சிவப்பு நோட்டை. மறுபடியும் நீலம். நம்ம ஊர்ச் சட்டம் அதில் இருக்காது என்று எனக்கே தெரிந்தது.

"அம்மா, கொட்டகலை போயிருச்சு."

"தெரியும்ண்ணே" என்றாள், தலை நிமிராமல்.

மனைவி கப்பலேறிப் போய்ப் பல வருடமாகிறது. அந்த நோட்டுக்காரப் பெண் கொட்டகலையில் ஏன் இறங்கவில்லை என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.