சின்னப்பொண்ணு கண் மூடிய படம்

கள்ளக்குறிச்சியில் இருபது வருஷம் படம் பிடித்தவன் நான். என்னுடையது பழைய இரட்டை லென்ஸ் கேமரா. மேல் லென்ஸ் நாம் பார்க்க, கீழ் லென்ஸ் ஃபிலிமுக்கு. வயிற்றோடு அணைத்துக் குனிந்துதான் பார்க்க வேண்டும். "என்னையும் ஒருநாள் அப்பிடிக் குனிஞ்சி பாக்கறது" என்பாள் என் மனைவி.

எண்பத்தேழில் அதில் மேல் லென்ஸின் பிம்பம் விழுகிற கண்ணாடியை மாற்றிப் புதுசு போட்டேன். பழையதில் இருட்டு வீட்டுக்குள் ஒன்றும் தெரியாது. மெட்ராஸிலிருந்து அதை அனுப்பிய மெக்கானிக், மாட்டியதும் ஒரு ரோல் எடுத்துக் கழுவிப் பார்க்கச் சொல்லி எழுதியிருந்தார். எனக்குத் தெரியாததா என்ற திமிர். கீழே இருக்க வேண்டிய சொரசொரப்புப் பக்கத்தை மேலே வைத்து மாட்டிவிட்டேன். பார்க்கும்போது முகம் பளிச்சென்று இருந்தது.

அந்த செப்டம்பரில்தான் இடஒதுக்கீட்டுப் போராட்டம். சாலையெல்லாம் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். கச்சிராயபாளையத்தில் பச்சையம்மாள் செத்துப்போனாள். மெட்ராஸில் இருந்த ஒரே மகன் தங்கதுரை தந்தி கிடைத்தும் வர வழியில்லை. அவனுக்காகப் படம் பிடிக்கச் சொல்லி அவள் தங்கை சின்னப்பொண்ணு ஆள் அனுப்பினாள். சைக்கிளில் போனேன். பிணத்தை நாற்காலியில் சாய்த்து, மாலை போட்டு, நெற்றியில் காசு ஒட்டியிருந்தார்கள். பன்னிரண்டு படம் எடுத்தேன். கழுவினால் பன்னிரண்டும் கலங்கல்; கண்ணாடி தலைகீழாக இருந்ததில், மேலே தெளிவாகத் தெரிந்தது ஃபிலிமில் தெளிவாக விழவில்லை. அதற்குள் அடக்கம் முடிந்திருந்தது.

பழைய கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு சின்னப்பொண்ணிடம் ஓடினேன். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"எனக்கும் அக்காவுக்கும் ஒரே ஜாடதான? ஒரு மாலை வாங்கியா."

"உசுரோட இருக்கறவங்களுக்கா? வாணாங்க."

"நீ புடிப்பா. பெத்தவ மூஞ்சியப் பாக்காம அவன் எப்பிடி இருப்பான்?"

நெற்றியில் காசு வைத்துக் கண்ணை மூடி உட்கார்ந்தாள். மாலை அவள் மார்பில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மூச்சை அடக்கச் சொன்னேன். அடக்கினாள். எடுத்தேன்.

"சாவுல அம்மா மூஞ்சி எப்பிடி மாறிட்ச்சி பாருங்க" என்று படத்தைக் கட்டிக்கொண்டு அழுதான், வழி திறந்ததும் வந்த தங்கதுரை.

அதன்பின் சின்னப்பொண்ணு கேமரா முன் வரவேயில்லை. மகள் ராணியம்மாள் கல்யாணத்தில்கூட, "ஒருதபா பொணமா உக்காந்தாச்சி, போதும்பா" என்று என் காதோரம் சொல்லிவிட்டுச் சமையல் பக்கம் போய்விட்டாள்.

அந்தப் படம் எடுத்து எட்டு வருஷம் கழித்து வெள்ளிமலையிலிருந்து இறங்கிய ஜீப் கவிழ்ந்து அவள் செத்தாள். படம் எடுக்கிற மாதிரி முகம் இல்லை. காரியம் முடிந்ததும் ராணியம்மாளைத் தங்கதுரையே என் கடைக்கு அழைத்து வந்தான்.

"அம்மா படம் ஒண்ணுகூட வூட்ல இல்லிங்க. நீங்க எப்பனா எடுத்திருக்கீங்களா?" என்று கேட்டாள் ராணியம்மாள்.

மாலையோடு அவளை எடுத்த நெகட்டிவ் என் மேசை டிராயரில் இருந்தது. எடுத்துக் கொடுத்தால் அவன் வீட்டுச் சுவரில் இருப்பது யார் என்று தெரிந்துபோகும். என் தப்பும் தெரிந்துபோகும். அவனுக்காகத்தான் மறைத்தேன் என்று இன்றுவரை எனக்கே சொல்லிப் பார்க்கிறேன், நம்ப முடியவில்லை.

"இல்லம்மா" என்றேன்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினாள். தங்கதுரை மட்டும் நின்றான்.

"எங்க அம்மாவுக்காச்சும் நீங்க இருந்தீங்கண்ணே" என்று என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனான்.