ஆண்டனி ராஜ் திருடிய மிளகு

ஏற்காட்டில் என் கடைக்கு மிளகு கொண்டுவருகிறவர்களில் முக்கால்வாசிப் பேரை நான் நம்புவதில்லை. ஈர மிளகைக் காய்ந்தது என்பார்கள். அடியில் பதர் மிளகைப் போட்டுவிட்டு மேலே நல்ல மிளகைப் பரப்புவார்கள். இருபத்திரண்டு வருஷமாகக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிற இந்த ஆசியாம்மாவிடம் அந்தப் பருப்பு வேகாது. பையைத் திறந்துகூடப் பார்க்காமல் நான் சரக்கு வாங்கியது ஒரே ஒருவரிடம்தான். செம்மநத்தம் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் சூப்பர்வைசராக இருக்கும் ஆண்டனி ராஜ். அப்படி நம்பித்தான் அவருக்கு நானும் கெடுதல் செய்தேன்.

அவருக்கு ஐம்பத்தேழு வயது. அவர் பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கே பாதிதான் கேட்கும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், காப்பிக்கொட்டை காயவைக்கும் டிரையருக்குக் காவல் இருந்தபோது அவர் கண்ணயர்ந்துவிட்டார். கொட்டையெல்லாம் கருகிப்போனது. கரண்ட் கோளாறு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இந்த மனுஷன் சேலத்திலிருந்து முதலாளி வரும்வரை வாசலிலேயே நின்று, தூங்கிவிட்டேன் என்று ஒப்புக்கொண்டார். ஏன் சொன்னீர்கள் என்று நான் ஒருமுறை கேட்டேன். ஆண்டவருக்குத் தெரிந்தது முதலாளிக்கும் தெரியட்டுமே என்றார்.

முதலாளி அவரை வேலையை விட்டுத் துரத்தவில்லை. குடோன் சாவியைக் கொடுத்தார். வேறு யாரிடமும் அந்தச் சாவி கிடையாது. அடுத்த வருஷம் டீசல் ரூம், பிறகு மருந்து அறை, பிறகு விருந்தாளிகள் தங்கும் பங்களா என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து, இப்போது அவர் இடுப்பில் பதினான்கு சாவிகள். பங்களாவுக்கு ஆள் வருவதே சனி, ஞாயிறில்தான். அதனால் ஆறு வருஷமாக அந்த மனுஷன் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகவில்லை. லீவு கேட்கும்போதெல்லாம், உங்களை விட்டால் நான் யாரை நம்புவது என்று முதலாளி தோளைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்.

கூத்து என்னவென்றால், வேலை செய்யும் இடத்தில் விசுவாசத்தோடு வாழ்வது எப்படி என்று மாதா கோயிலில் பங்குச் சாமியார் ஒருநாள் பிரசங்கம் வைத்தாராம். உதாரணம் யார்? நம் ஆண்டனி ராஜ்தான். அவர் மகள் ஜெஸ்லின் வந்து சொல்லித்தான் அவருக்கே தெரியும். அந்த நேரத்தில் அவர் பங்களாவில் யாருக்கோ வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தார்.

வேலையை விட்டுத் தொலையுங்கள் என்று நானே கத்தியிருக்கிறேன். குடியிருக்கும் வீடு எஸ்டேட்டுடையது. மனைவி இல்லை. பிரசவத்துக்கு வந்த மகளும் அந்த வீட்டில்தான் இருந்தாள். இந்த வயதில் புதிதாக யார் வேலை கொடுப்பார்கள்?

போன தை மாதம் பேரனுக்கு ஞானஸ்நானம் வைத்தார்கள். ஜெஸ்லினின் வீட்டுக்காரர் துபாய்க்கு விமானம் ஏற இருந்ததால், அந்த ஞாயிற்றுக்கிழமையை விட்டால் வேறு நாள் இல்லை. என் அப்பாதான் ஞானத்தகப்பனாக நிற்க வேண்டும் என்று அவள் ஒரே பிடிவாதம். ஆண்டனி லீவு கேட்டார். பங்களா முழுக்க ஆள் வருகிறது, மிளகு வேறு களத்தில் கிடக்கிறது, முடியாது என்று முதலாளி சொல்லிவிட்டார்.

ஞானஸ்நானத்துக்கு ஆறு நாள் முன்னால், திங்கட்கிழமை காலையில் ஆண்டனி என் கடைக்கு வந்தார். கையில் பத்துக் கிலோவுக்குக் குறையாத ஒரு பை.

"ஏனுங்கம்மா, இது எஸ்டேட் மெளகுங்க. நான் திருடிக் கொண்டாந்தது."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நீங்க திருடுற அன்னிக்கு இந்தச் சேர்வராயன் மலையே எறங்கிப் போயிச் சேலம் பஸ் ஸ்டாண்டுல நிக்குமுங்கண்ணா."

அவர் சிரிக்கவில்லை. பையை வைத்துவிட்டு, காசுகூட வாங்காமல் போய்விட்டார். வீட்டுப் பின்னால் அவருக்கு நாலு கொடி உண்டு, அதில் பறித்ததாக இருக்கும் என்று நினைத்து, மத்தியானமே மற்ற சரக்கோடு கலந்து சேலத்துக்கு அனுப்பிவிட்டேன்.

அவர் மனசில் இருந்தது எனக்குப் பின்னால்தான் விளங்கியது. ஒரு தடவை திருடன் என்று பெயர் எடுத்துவிட்டால் சாவியெல்லாம் பிடுங்கிக்கொள்வார்கள், சாதாரண வேலைக்குப் போட்டுவிடுவார்கள், ஞாயிற்றுக்கிழமை நம்முடையது என்று அவர் கணக்குப் போட்டிருக்கிறார். பாவம் செய்து பழக்கமில்லாதவர் போட்ட கணக்கு அப்படித்தான் இருக்கும். குடோனில் மிளகு குறைகிறது என்று முதலாளிக்கு அவரே போன் செய்தார். சாவி யாரிடம் என்று கேட்பார் என எதிர்பார்த்தார். முதலாளி கேட்டது, குடோனை யார் கூட்டுகிறார்கள் என்று.

கூட்டுகிறவள் கண்ணாயி. புருஷனில்லாமல் இரண்டு பிள்ளைகளை வைத்துக் கஷ்டப்படுகிறவள். வியாழக்கிழமை முதலாளி காரில் வந்து முதலில் என் கடையில்தான் இறங்கினார். கண்ணாயி மிளகு கொண்டுவந்தாளா என்று கேட்டார். இல்லை, ஆண்டனி அண்ணன்தான் ஒரு பை கொண்டுவந்தார், அதைத் திருட்டு மிளகு என்று தமாஷ் வேறு செய்தார் என்று சொன்னேன். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவர் சந்தேகம் கண்ணாயி மேல்தான் நின்றது. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே எரிச்சலாக வருகிறது.

வெள்ளிக்கிழமை காலையில் எல்லோர் முன்னாலும் முதலாளி கண்ணாயியைக் கூப்பிட்டார். ஆண்டனி நடுவில் போய் நின்று, நான்தான் எடுத்தேன் என்று சொன்னார். இரண்டு தடவை சொன்னாராம். முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு ஏழைப் பெண்ணுக்காகத் திருட்டுப் பட்டத்தைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறாரே, இதுவல்லவா வேதக்காரர் என்று எல்லோரையும் கைதட்ட வைத்தார். ஆண்டனி முகத்துக்காகக் கண்ணாயியை மன்னித்துவிட்டதாகவும், அவள் இனிமேல் குடோன் பக்கம் வராமல் களை எடுக்கப் போக வேண்டும் என்றும் சொன்னார். ஆண்டனிக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று மணி நேரம் லீவு கொடுத்தார். சாவியை மட்டும் யாரிடமும் கொடுக்காமல் கூடவே கொண்டுபோகச் சொன்னார்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது கண்ணாயி. சனிக்கிழமை சாயங்காலம் கடைக்கு வந்து எதுவும் வாங்காமல் நின்றாள்.

"ஏனுங்க்கா, மொதலாளி என்னைய மன்னிச்சுட்டாராம். நான் என்ன செஞ்சேன்னு மன்னிச்சாரு?" என்றாள். "அவருதான் எடுத்தாரு. எனக்குத் தெரியுமுங்க. சாவி வேற யாருகிட்ட இருக்குது?"

உன் பெயரைக் காப்பாற்றத்தானே அவர் ஒப்புக்கொண்டார் என்று கேட்டேன்.

"அவரு வாயத் தொறந்ததுல இருந்துதானுங்க்கா நான் நெசமாவே திருடி ஆயிட்டேன். எம் புள்ளைங்கள எஸ்டேட் லைன் ஊட்டுல யாரும் உள்ள விடறதில்ல."

அன்று ராத்திரி சீக்கிரமே கடையைச் சாத்தினேன். முதலாளிக்குப் போன் செய்யலாம் என்று போனை எடுத்தேன். என்ன சொல்வது? திருட்டு என்று சொல்லியே கொண்டுவந்த மிளகை வாங்கிச் சேலத்துக்கு அனுப்பிவிட்டேன் என்றா? அந்த எஸ்டேட் சரக்கை நம்பித்தான் எங்கள் கடையே ஓடுகிறது. போனைக் கீழே வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, ஜெஸ்லின் கூப்பிட்டதற்காகக் குழந்தைக்குச் சட்டை வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். ஆண்டனி வெள்ளை வேட்டியில் பேரனைத் தூக்கிக்கொண்டு முன்னால் நின்றார். ஆறு வருஷம் கழித்து வந்தவரைப் பார்த்துச் சாமியார் முகமெல்லாம் சிரிப்பு.

பெற்றோரையும் ஞானப் பெற்றோரையும் பார்த்துச் சாமியார் கேட்டார். "சாத்தானை விட்டுவிடுகிறீர்களா?"

"விட்டுவிடுகிறேன்" என்று ஜெஸ்லின் சொன்னாள். அவள் வீட்டுக்காரர் சொன்னார். ஆண்டனி வாயைத் திறக்கவில்லை. சாமியார் பொறுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் கேட்டார். ஆண்டனியின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. குழந்தை காலை உதைத்ததில் அவர் இடுப்பிலிருந்த சாவிகள் மட்டும் குலுங்கின.

எனக்குப் பக்கத்திலிருந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாருங்க, பக்தியில அவருக்குப் பேச்சே வரலைங்க" என்றாள்.

சாமியாரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். தலையை ஆட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். ஆண்டனி மெதுவாகத் திரும்பி, பெஞ்சு பெஞ்சாக யாரையோ தேடினார். அந்தக் கோயிலில் அவரைத் திருடன் என்று நம்புகிற ஒரே ஆள் நான்தான்.

அவர் கண் என் மேல் வந்து நின்றது. நான் மடியிலிருந்த சட்டைப் பொட்டலத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.