கரி மேலே, செம்மண் கீழே

எங்கள் லைன் வீடுகளில் தனகோட்டிக்குப் பைத்தியம் என்றுதான் பேச்சு. நான் மட்டும் அப்படிச் சொன்னதில்லை. அவனும் நானும் ஒரே ஷிப்ட். மற்ற கான்ட்ராக்ட் ஆட்கள் நிலக்கரி மைன்ஸிலிருந்து திரும்பும்போது அடுப்புக்கு ஏதாவது பொறுக்கி வருவார்கள். இந்த மகராசன் மடியில் மண் கட்டிக்கொண்டு வருவான். செம்மண், வெள்ளைக் களி, கரித்தூள். வேப்பம் பிசினில் குழைத்து, கஞ்சி போட்ட கோணியில் தடவுவான். ஆளும் இருக்காது, மாடும் இருக்காது, வெறும் நிறம்தான்.

ஒருமுறை கோணி முழுக்க மஞ்சள் மண்ணை அப்பி வைத்திருந்தான். "இன்னாடா இது?" என்றேன்.

"மேஸ்திரிகிட்ட திட்டு வாங்கிக்கினு வந்தோம் இல்ல, அந்த வெக்கம்" என்றான். வெட்கத்துக்கு நிறம் உண்டென்று அன்றுதான் கேள்விப்பட்டேன். கூடவே நின்று திட்டு வாங்கிய எனக்குப் பசிதான் வந்தது.

அறுபத்திரண்டாம் வருஷத்து மழையில் கூரை ஒழுகி ஒழுகி, அவனுடைய மூன்று வயதுப் பெண் காய்ச்சலில் போய்விட்டது. பதினாறு நாள் முடங்கிக் கிடந்தவன் எழுந்து பெரிய கோணி ஒன்றை விரித்தான். மேல்பாதி முழுக்கக் கரி. நடுவில் வெள்ளைக் கீற்று. அடியில் செம்மண். "அவ ஒடம்பு சுட்டது அடியில. நம்ம மேல உழுந்தது மேல" என்று மட்டும் சொன்னான். "மண்ணக் கொழச்சா வவுறு ரொம்புமா?" என்று இத்தனை நாளும் கரித்துக்கொட்டிய அவன் பெண்டாட்டி சின்னம்மாள், அதைத் தொட்டுத் தொட்டு அழுதாள்.

மறுவருஷம் லைனில் தண்ணீர்க் குழாய் பார்க்க வந்த இன்ஜினீயர் சுப்பிரமணியன் கண்ணில், சுவரில் மாட்டியிருந்த அது பட்டது. "அடடே, மைன்ஸை அப்படியே வெட்டி வச்சிருக்கான்யா!" என்றார். எங்கள் ஊர் இன்ஜினீயர்களுக்கு மூன்று நிறம் அடுக்காகத் தெரிந்தால் போதும். கேசரியில் முந்திரியைக் கண்டாலும் எத்தனை அடி ஆழம் என்று கேட்பார்கள்.

"ஆனா வரிசை தப்பு. கரி மேலேயே கெடந்தா நாம எதுக்குய்யா நூத்தெண்பது அடி தோண்டறோம்?"

"அது எம் பொண்ணு சார்."

இன்ஜினீயர் உற்றுப் பார்த்தார். "கை கால் எங்கே?"

தனகோட்டி அடியிலிருந்த செம்மண்ணைக் கையால் மறைத்துக்கொண்டான்.

"தலைகீழா மாட்டினா சரியாப் போச்சு. புதுசா பார்வையாளர் கூடம் தொறக்கறோம். நீயே பக்கத்துல நின்னு வெளக்கிச் சொல்லு. பெர்மனென்ட். குவார்ட்டர்ஸ் உண்டு. இன்னா சொல்ற?"

சின்னம்மாள் பிரசவத்துக்குக் காடாம்புலியூரில் தாய்வீட்டில் இருந்தாள். வரப்போகும் பிள்ளையாவது ஒழுகாத கூரையின் கீழ் கிடக்கட்டும் என்று நினைத்திருப்பான். கோணியை அவனே சுவரிலிருந்து கழற்றிக் கொடுத்தான். தலைகீழ் விஷயத்தை மட்டும் பெண்டாட்டிக்குச் சொல்லவில்லை.

கைக்குழந்தையோடு குவார்ட்டர்ஸுக்கு வந்தவள், குடும்பங்களை உள்ளே விட்ட அன்று கூடத்தைப் பார்க்க ஆசையாக வந்தாள். நானும் போயிருந்தேன். தனகோட்டி காக்கிச் சட்டையில் குச்சியோடு நின்றான். "மேலே செம்மண். நடுவே வெள்ளைக் களி. அடியில் கரி." பெரிய மனிதர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் கை தட்டினார். பக்கத்தில் நின்ற இன்ஜினீயருக்குப் பெருமை தாங்கவில்லை.

சின்னம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஏன்யா, எம்மவள எதுக்குத் தலகீழா தொங்க வுட்டிருக்க?"

தனகோட்டி அவளைப் பார்க்கவில்லை.

"மெல்லப் பேசு" என்றான். "சார் நிக்கிறாரு."