பிடித்துக்கொண்டு வந்த மூச்சு

நான் வேலை செய்யும் விடுதியின் நீச்சல் தடாகத்தில், காற்றுச் சிலிண்டர் கட்டிச் சுழியோடப் பழக்கும் வகுப்பு தொடங்கியபோது, வரவேற்பு மேசையில் இருக்கும் என்னையும் சேரச் சொன்னார்கள். வெளிநாட்டுப் பெண்கள் தண்ணீருக்குள் இறங்கும்போது துணைக்கு ஒரு பெண் நிற்க வேண்டுமாம். முகாமையாளர் என்னைப் பிடித்ததற்குச் சொன்ன காரணம் எரிச்சலைக் கிளப்பியது.

"நீங்கள் குருநகர்தானே, தண்ணியெண்டால் உங்களுக்குப் பயமிருக்காது" என்றார்.

குருநகரில் பெண்கள் மீன் வெட்டுவோம், கருவாடு போடுவோம், சந்தைக்குக் கொண்டுபோவோம், கடலுக்குப் போனவர்களுக்காகச் செபமாலை சொல்வோம். கடலில் இறங்க எங்களை யார் விட்டார்கள்? எனக்கு நீந்தவே தெரியாது. ஆனாலும் ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அதற்கு எனக்கென்று ஒரு காரணம் இருந்தது.

என் கணவரும் முதுகில் அப்படிச் சிலிண்டர் கட்டிக் கடலட்டை பிடிக்கப் போனவர். உயிர்ப்பு ஞாயிறுக்கு முதல் நாள், ஒரு பெரிய சனிக்கிழமை காலை போனவரைப் பிணமாகத்தான் கொண்டுவந்தார்கள். எங்கள் பக்கத்தில் பெரிய வியாழன் பூசை தொடங்கி உயிர்ப்புப் பூசை முடியும்வரை யாரும் தொழிலுக்குப் போவதில்லை. ஆண்டவர் கல்லறையில் கிடக்கும்போது கடலில் கைவைக்கக் கூடாது. இவரோ தண்ணீர் தெளிந்து கிடக்கிறது, நாளைக்குக் கலங்கிவிடும் என்று புறப்பட்டார். நான் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். காலையில் எழும்பிய மனுஷனுக்குத் தேத்தண்ணீர் கொடுப்பது குற்றம் என்று எனக்குத் தெரியாது. "மறிக்க வேண்டியவள் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தெல்லோ அனுப்பினவள்" என்று மாமி, அதாவது அவருடைய தாய், செத்த வீட்டிலேயே சொல்லி அழுதார். ஊர் அதைப் பிடித்துக்கொண்டது.

கூடப் போனவர் சொன்னது கொஞ்சம்தான். என் கணவர் விசுக்கென்று மேலே வந்தாராம். ஏதோ சொல்ல வாயைத் திறந்தபோது இரத்த நுரை வந்ததாம். படகில் தூக்கிப் போடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். அப்படி நீந்தத் தெரிந்த ஒருவர் ஏன் செத்தார் என்று யாருக்கும் விளங்கவில்லை. விளங்காத இடத்தில் ஆண்டவரின் கோபத்தையும் என் தேத்தண்ணீரையும் போட்டு நிரப்பிவிட்டார்கள். அவர் எதனால் போனார் என்று அறிந்த ஒருவரையாவது நான் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் அந்த இறுகிய ரப்பர் உடுப்புக்குள் என் உடம்பைத் திணித்தேன்.

பழக்க வந்தவள் திருகோணமலைப் பிள்ளை. என்னோடு லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒரு தம்பதி. அவர்களுக்கு எல்லாமே சிரிப்பு. நெஞ்சளவு தண்ணீரில் நின்று, கண்ணாடியை மாட்டி, ரப்பர்க் குழாயை வாயில் கவ்விக்கொண்டு, அடியில் முழந்தாளிட வேண்டும். தலை தண்ணீருக்குள் போனதும் எனக்கு உயிரே போய்விட்டது. மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு 'அருள் நிறைந்த மரியே' மந்திரம் சொல்லத் தொடங்கினேன்.

அது என் பழக்கமல்ல, புகுந்த வீட்டுப் பழக்கம். அவர்கள் சங்கு குளித்த குடும்பம். எத்தனை மந்திரம் சொல்லும்வரை மூச்சுப் பிடிக்கிறான் என்றுதான் அந்த வீட்டில் ஆண்பிள்ளையை மதிப்பார்கள். என் கணவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, குளிக்க வார்க்கும் நேரத்தில் மாமியே அவர் தலையைத் தொட்டிக்குள் அமத்திவைத்து மந்திரம் சொல்வாராம். செபமாலையில் பத்து மணியையும் உருட்டி முடிக்கும்வரை மூச்சுத் தாங்குவான் என் மகன் என்று என்னைப் பெண் பார்க்க வந்த அன்றே பெருமைப்பட்டார்.

பழக்கும் பிள்ளை என் தோளைப் பிடித்து மேலே இழுத்தாள்.

"அக்கா, மூச்சைப் பிடிக்கக் கூடாது. இதுதான் முதல் பாடம். மற்றதெல்லாத்தையும் மறந்தாலும் இதை மறக்காதேங்கோ."

"பிடிச்சால் என்ன?"

"ஆழத்திலை சிலிண்டராலை இழுக்கிற காத்து, மேலை வரவர நெஞ்சுக்குள்ளை பெருகும். மூச்சை விட்டுக்கொண்டு மெல்ல வந்தால் ஒண்டும் செய்யாது. பிடிச்சுக்கொண்டு வந்தால் சுவாசப்பை கிழிஞ்சு போம்."

"சங்கு குளிக்கிறவை பிடிச்சுக்கொண்டுதானே வருகினம்?"

"அவை மேலை இழுத்த காத்தோடை போய், அதே காத்தோடை வருகினம். அது பெருக என்ன இருக்கு? சிலிண்டர்க் காத்துத்தான் ஆபத்து."

"கிழிஞ்சால்?"

லண்டன்காரருக்குக் கேட்காதபடி குரலைத் தணித்தாள். "வாயாலை இரத்தம் வரும் அக்கா. ஆள் தப்புறது கஷ்டம்."

என் கணவர் பிட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டபடி ஒருநாள் சொன்னது அப்படியே நினைவுக்கு வந்தது. சிலிண்டரில் காற்று முடியப்போகும்போது, கடைசி இழுவையை நெஞ்சு நிறைய இழுத்துப் பிடித்துக்கொண்டு காலால் ஒரே எத்தில் மேலே வந்துவிடுவாராம். மற்றவர்களுக்கு அந்தக் கெட்டித்தனம் வராதாம். எத்தனையோ தரம் அதில் தப்பியிருக்கிறார்.

விடுமுறைக்கு வந்தவர்களுக்குப் பல் விளக்கச் சொல்வதுபோலச் சொல்லிக் கொடுக்கிறார்கள். நாள் தவறாமல் ஆழத்துக்குப் போய் வந்த மனுஷனுக்கு அந்த ஒரு வசனத்தைச் சொல்ல நாதியில்லை. சிலிண்டர் கொடுத்தவன் சொல்லவில்லை, படகுக்காரன் சொல்லவில்லை. பெரிய சனிக்கிழமை போனது பாவம் என்று சொல்ல மட்டும் ஊரே திரண்டு வந்தது. கண்ணாடிக்குள்ளேயே அழுதேன். தடாகத் தண்ணீரில் போடும் மருந்து கண்ணில் பட்டுவிட்டதாக அந்தப் பிள்ளை நினைத்தாள்.

நானும் மாமியும் இருப்பது ஒரே வீட்டில், சமைப்பது இரண்டு அடுப்பில். பின்னேரம் நான் போனபோது அவர் குசினி வாசலில் இறால் உடைத்துக்கொண்டிருந்தார். வேலை உடுப்பைக்கூட மாற்றாமல் முன்னால் போய் நின்றேன்.

"மாமி, உங்கடை மகனை ஆண்டவர் தண்டிக்கேல்லை. சிலிண்டர்க் காத்தை நெஞ்சுக்குள்ளை பிடிச்சுக்கொண்டு மேலை வந்ததாலைதான் செத்தவர். விட்டுக்கொண்டு வந்திருந்தால் இண்டைக்கு இருந்திருப்பார்."

அந்தப் பிள்ளை சொன்னதை ஒன்றும் விடாமல் சொன்னேன். உன்னில் பிழையில்லை என்று ஒரு சொல் அந்த வாயிலிருந்து வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வேறொன்றும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. மாமி மடைச்சியல்ல. நான் முடிப்பதற்கு முன்னமே அவருக்கு விளங்கிவிட்டது. இறால் உடைத்த கை நின்றது.

"அவனுக்கு மூச்சுப் பிடிக்கப் பழக்கினது ஆர்?" என்று கேட்டார்.

அந்தக் கணம்வரை எனக்கு அது தோன்றவேயில்லை.

"ஆண்டவர் எடுத்தவர் எண்டால் நான் எப்பிடியும் உயிரோடை இருந்திடுவன். நான் பழக்கினதாலை எண்டால் இருக்கமாட்டன். உந்தக் கதையை இனி ஒருத்தரிட்டையும் சொல்லாதை" என்று சொல்லிவிட்டு மறுபடி இறாலைக் கையில் எடுத்தார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து கோவில் வளவில் நின்றபோது, பாசையூரிலிருந்து வந்த உறவுக்காரி ஒருத்தி மாமியிடம் அவர் மகனைப் பற்றித் துக்கம் விசாரித்தாள். "இவள் ஒரு சொல்லு மறிச்சிருந்தால் என்ரை பிள்ளை போயிருப்பானே?" என்றார் மாமி. இவ்வளவு காலமும் நம்பிச் சொன்னதை இப்போது பொய்யென்று அறிந்துகொண்டே சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அப்படிக் கெஞ்சும் பார்வையை நான் அவரிடம் அதற்குமுன் கண்டதில்லை.

நான் வாயைத் திறக்கவில்லை. இரக்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம், அவருக்கு இரங்க எனக்கு மனமில்லை. அந்த வளவில் வைத்து உண்மையைச் சொல்லியிருந்தால் மாமி பிழைத்திருக்க மாட்டார். அந்தச் சாவையும் என் தலையில்தான் போட்டிருப்பார்கள்.