செவ்வாய்க்கிழமைச் சபை

எண்பதுகளின் கடைசியில் லண்டனில் ஒரு சீன உணவகத்தின் நிலவறைக் குசினியில் நான் கோப்பை கழுவினேன். யன்னல் இல்லாத இடம். அங்கே தலைமைச் சமையற்காரர் ஹொங்கொங்காரர். மெலிந்த மனிதர், புருவம் அடுப்பில் பொசுங்கிப் பாதிதான் மிச்சம்.

ஞாயிறுதான் உணவகத்தில் கூட்டம் அதிகமான நாள் என்பதால் சமையற்காரருக்கு அன்று லீவு கிடையாது. ஆகவே அவரும் அக்கம்பக்கத்து உணவகச் சமையற்காரர்களும் செவ்வாய் பின்னேரங்களில், இரண்டு ஷிப்டுக்கும் நடுவில், எங்கள் அரிசி மூட்டைகளில் உட்கார்ந்து ஜெபித்தார்கள். அவர்களுடைய கிறிஸ்தவச் சபை அப்படித்தான் தொடங்கியது. பிறகு மாணவர்கள் வந்தார்கள், குடும்பங்கள் வந்தன. சில வருடங்களில் பக்கத்துத் தெருவில் கட்டடம் வாங்கி, ஆராதனையை ஞாயிறுக்கு மாற்றிவிட்டார்கள். செவ்வாய்க் கூட்டம் நின்றுபோனது.

ஞாயிறு மதியம் சபையார் எங்களிடமே சாப்பிட வருவார்கள். மேலே சாப்பாட்டு மேசைகளில் கதிரைகள் இழுபடும் சத்தம் அடங்கினால் ஜெபம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். உடனே அவர் நெருப்பைக் குறைத்து, அகப்பையை நெஞ்சோடு பிடித்தபடி கூரையைப் பார்த்து நிற்பார். சத்தம் திரும்பியதும் "ஆமென்" என்று நெருப்பைக் கூட்டுவார்.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "நீங்கள் தொடங்கின சபை. ஒருக்காவாவது மேல போய் நில்லுங்கோவன், அண்ணை," என்றேன். எங்கள் அரைகுறை ஆங்கிலத்தில் 'அண்ணை' மட்டும்தான் தமிழ். அது அவருக்குப் பழகியிருந்தது.

"பிள்ளை வளர்ந்திட்டுது. வளர்ந்த பிள்ளைக்குப் பசி கூட," என்றார். "நான் மேல போனால் ஆர் சமைக்கிறது?"

அன்று மேலே போன மீன் அடியில் கருகியிருந்தது. பெருமையில் கருகியதா, கசப்பில் கருகியதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. குறை சொல்லி ஒரு தட்டுக்கூடத் திரும்பி வரவில்லை.