மரச்சீனி அவிக்காத தெரு

கருங்கலை விட்டு நான் நாகர்கோவிலுக்கு வந்தபோது ஊர் நகரமாகிக்கொண்டிருந்தது. ஆகிவிட்டது என்றுதான் உள்ளூர்க்காரர்கள் சொன்னார்கள். திருவனந்தபுரத்துக்குப் பஸ் ஓடியது. காப்பிக் கடைகளில் கண்ணாடித் தம்ளர் வந்திருந்தது. தெரு என்று யாராவது சொன்னால், ரோடு என்று திருத்தினார்கள். அந்த ரோட்டின் நடுவில் எருமைகள் படுத்துக் கிடந்தன. அவற்றைத் திருத்த ஆளில்லை.

நாலாம் வகுப்போடு நின்றுவிட்ட எனக்குக் கோட்டாறு கம்போளத்தில் ஒரு மலைச்சரக்குக் கடையில் தராசு பிடிக்கும் வேலை கிடைத்தது. வீடுதான் கிடைக்கவில்லை. வந்து குவிந்த குமாஸ்தாக்களும் வாத்தியார்களும் எல்லா வீட்டையும் பிடித்துக்கொண்டார்கள். மனைவியையும் மகளையும் கருங்கலில் விட்டுவிட்டு, கடை மச்சில் வற்றல் மிளகாய் மூட்டைகளுக்கு நடுவில் தும்மிக்கொண்டே படுத்திருந்தேன். கடைசியில் ஒரு வக்கீல் குமாஸ்தா தம்முடைய வீட்டின் பின்பாதியை வாடகைக்குத் தர இசைந்தார்.

"ஓய், நீரு மேக்கதானே?"

"ஆமா, கருங்கல்."

"குடி, சீட்டுக்களி ஏதாம் உண்டுமா?"

"இல்ல."

"இருந்தாலும் பொறுத்துக்கிடலாம். மரச்சீனி மட்டும் வீட்டுல அவிக்கப்பிடாது, பாத்துக்கிடும். இது சோறு திங்குத தெரு. கெழங்கு வாசம் வந்துதுன்னா அன்னைக்கே வீட்ட ஒழிஞ்சு தரணும்."

நான் தலையாட்டினேன். யார் முகத்தைப் பார்த்தும் மாட்டேன் என்று சொல்ல எனக்கு வராது. பெண் பார்க்கப் போன இடத்திலும் இப்படித்தான் தலையாட்டினேன். அது நல்லபடியாக முடிந்தது.

மனைவி வந்து சேர்ந்ததும் விஷயத்தைச் சொன்னேன்.

"கெழங்கு அவிக்காம என்னத்தத் திங்க? அவருக்கு வயலு உண்டும். ஒங்களுக்குத் தராசுல்லா உண்டும்?"

நியாயமான கேள்வி. என் சம்பளத்தில் மூன்று வேளையும் சோறு என்பது நடக்காத காரியம். கதவைச் சாத்திக்கொண்டு மரவள்ளிக் கிழங்கை அவித்தாள். வாசம் வெளியே போகாமலிருக்கச் சாம்பிராணி போட்டாள். வீட்டுக்காரர் மனைவி இதைக் கண்டு உருகிவிட்டார்.

"உச்சைக்கும் சாம்பிராணியா! ஒன்னப்போல பக்தி இந்தத் தெருவுல எவளுக்கு உண்டும்? அது கெடக்கட்டு, இன்னைக்கு என்ன கறி?"

"சாம்பாரு, அக்கா."

என்ன கறி என்று கேட்பது எங்கள் பக்கத்தில் சுகமா என்று கேட்பது மாதிரி. என் மனைவிக்கு அது தினமும் போலீஸ் விசாரணை.

கிழங்கில் உரித்த தொலிதான் பெரிய தொல்லை. கருங்கலில் ஆட்டுக்குப் போட்டால் தீர்ந்தது. இங்கே புறவாசல், வீட்டுக்காரர் அடுக்களை ஜன்னலைப் பார்த்து இருந்தது. அதனால் மடக்கிய குடைக்குள் தொலியைத் திணித்து, நாடாவால் கட்டி, வேலைக்குப் போகும் வழியில் கால்வாய்ப் பாலத்தில் உதறிவிட்டுப் போவேன். வெயிலிலும் குடையும் கையுமாக நடந்ததால் கம்போளத்தில் எனக்கு மரியாதை கூடியது.

ஆனி மாதம் ஒரு காலையில், பாதி வழியில் சாரல் பிடித்துக்கொண்டது. குடையை விரித்தால் தலையில் தொலி கொட்டும். நனைந்துகொண்டே நடந்தேன். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினேன். வீட்டுக்காரர். அவரும் நனைந்துகொண்டிருந்தார். அவர் கக்கத்திலும் மடக்கிய குடை.

"ஏன்வே, குடைய விரிக்கல?"

"கம்பி ஒடிஞ்சுபோச்சு. நீங்க?"

"எனக்கும் கம்பிதான்."

இரண்டு பேரும் பாலத்தில் நின்றோம். அவர் போகட்டும் என்று நானும், நான் போகட்டும் என்று அவரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது எதிர்க்கடைத் தாழ்வாரத்தில் மழைக்கு ஒதுங்கி நின்ற பெரிய வக்கீல், வீட்டுக்காரரின் முதலாளி, கோட்டும் தலைப்பாகையுமாக ஓடிவந்தார்.

"நல்லவேள, குடை கொண்டாந்தீரே! விரியும்வே, கோர்ட்டுக்கு நேரமாச்சு."

"சார், கம்பி..."

"கம்பியாவது தும்பியாவது!" என்று அவரே குடையைப் பிடுங்கி, நாடாவை அவிழ்த்து, தலைக்கு மேல் விரித்தார்.

ஒரு வீடு முழுக்கத் தின்ற கிழங்கின் தொலி அவருடைய தலைப்பாகையிலும் தோளிலும் சொரிந்தது.

வீட்டுக்காரர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ஒரு மனுஷன் கூனிக்குறுகுவதைப் பார்க்க எனக்குத் தெம்பு கிடையாது. அந்தக் கூச்சத்தில்தான் வாய் தானாகத் திறந்தது.

"குடை மாறிப்போச்சு சார். அது என்னுடையது. தொலி எங்க வீட்டுத் தொலி."

சொன்னபிறகுதான் சொன்னது என்ன என்று உறைத்தது. வீடு போயிற்று. மனசுக்குள் சட்டி பானையைக் கட்டி, மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்காரருக்கு உடனே உயிர் வந்தது. "ஓய்! டவுணுல குடியிருக்க யோக்கியத வேண்டாமாவே? கெழங்காவே திங்குதீரு? மேக்கத்திப் புத்தி!" என்று பாலம் அதிரக் கத்தினார். நன்றாகத்தான் கத்தினார். நானே நம்பிவிட்டேன்.

வக்கீல் கோட்டில் ஒட்டிய ஒரு தொலியை எடுத்து, நகத்தால் கீறிப் பார்த்தார். பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார்.

"நல்ல மாவு போலிருக்கே. எங்கவே வாங்குனீரு? எங்க வீட்டுக்கு வாறது வேவவே மாட்டேங்கு."

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் எங்கள் வாசலில் வந்து நின்றார். வீட்டை ஒழியச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று என் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவர் பாலத்தைப் பற்றிப் பேசவே இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, கோர்ட்டில் தீர்ப்பு வாசிக்கிற தோரணையில் சொன்னார்:

"ஓய், நல்லா யோசிச்சுப் பாத்தேன். சோத்துக்குப் பதிலாத் தின்னாத்தான் அது கெழங்கு. காப்பிகூடத் தின்னா பலகாரம். பலகாரம் அவிக்கதுக்கு நான் தடை சொல்லலியே?"

"இல்ல, சொல்லல."

"அப்போ இருந்துக்கிடும்."

அந்த வீட்டில் பல வருஷம் குடியிருந்தோம். காலையிலும் மத்தியானத்திலும் இரவிலும் பலகாரமே சாப்பிட்டோம். காப்பிக்குத்தான் வழியில்லை.