இரண்டு மூட்டைக் கரை மணல்

எங்கள் பட்டறையில் இரும்புத் தகட்டைச் சூடு காட்டாமலே உருட்டுவோம். ஐம்பதுகளில் செங்கல்பட்டில் இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். இரும்பென்றால் உலை, சம்மட்டி என்றுதான் ஊருக்குத் தெரியும். ஆசிட் தொட்டியில் துரு போக்கிய நீளத் தகட்டை இரண்டு உருளைகளுக்கு நடுவே விடுவோம். மறுபுறம் மெலிந்து, நீண்டு, பளபளவென்று வரும். ஆனால் ஒவ்வொரு தடவையும் விறைத்துக்கொள்ளும். அப்படியே மேலும் மேலும் விட்டால் ஓரம் வெடித்துவிடும். அதனால் இடையில் சுருள்களை இரும்புப் பெட்டியில் மணலுக்குள் புதைத்து, மூடியைக் களிமண்ணால் பூசி, ஒரு பகல் முழுக்கச் சுட்டு, மறுநாள் ஆறவிடுவோம். அப்புறம்தான் தகடு இளகிக்கொடுக்கும்.

மணல் போட்டு அந்தப் பெட்டியைக் கட்டுவது என் வேலை. உருளையில் நின்றவர் என் அக்காள் கணவர். மகாபலிபுரத்துக்குப் பக்கத்துக் குப்பத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்த என்னைக் கூட்டிவந்து சேர்த்துவிட்டவரும் அவர்தான்.

அந்த ஐப்பசியில் பாலாற்றில் வெள்ளம். மணல் அள்ள முடியவில்லை. டிரங்குப் பெட்டி செய்கிறவர் ஒருவரின் முதல் ஆர்டர் கையில் இருந்தது. அது கெட்டால் மச்சானுக்கு வேலை இல்லை என்று முதலாளி முன்பே சொல்லியிருந்தார். நான் பெரிய புத்திசாலி மாதிரி, எங்கள் குப்பத்துக் கரை மணலை இரண்டு மூட்டை கட்டி, திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் மேலே போட்டுக் கொண்டுவந்தேன். வெள்ளை வெளேரென்று, ஒரு கல் இல்லாத மணல். எங்கள் மணலுக்கு முன்னால் ஆற்று மணலெல்லாம் எம்மாத்திரம் என்ற திமிர் எனக்கு.

அந்த மணலில் சுட்டு ஆறிய பெட்டியைத் திறந்தால் தகடு முழுக்க அம்மைத் தழும்பு. உப்பு தின்றிருந்தது. உருளையில் விட்டதும் புள்ளி புள்ளியாகக் கிழிந்தது.

"இன்னா மண்ணுய்யா போட்டீங்க?" என்று கத்தினார் முதலாளி.

மச்சான் பெட்டியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். என்னைப் பார்த்தார். துப்பினார்.

"நான்தான் மொதலாளி கொண்டாரச் சொன்னேன்."

அன்றைக்கே அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். வாசல் வரைக்கும் கூடப் போனேன். "அக்காகிட்ட ஒண்ணும் சொல்லாத. மாசமா கீது," என்றார்.

அடுத்த வாரம் அவர் இடத்தில் என்னை நிறுத்தினார்கள். மாட்டேன் என்று சொல்லவில்லை நான். கடலே பழகாத அந்த மனிதர் எங்கள் குப்பத்துக்குப் போய், நான் விட்டுவந்த வலையை இழுத்தார். இன்றைக்கு நினைத்தாலும் என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

குழந்தை பிறந்த பிறகு ஒருநாள் அக்கா கேட்டாள். "அவரு அப்டி இன்னாதான்டா தப்பு பண்ணாரு?"

"தெரியலக்கா," என்றேன்.